கசற்றில் ஒடுங்கிய முகங்கள்: காரைநகரின் பழைய வீடியோக்களும் பிக்சல் விகிதமும்

ஈழத்துச் சிதம்பரத்தின் மார்கழித் திருவாதிரை, கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு என்று காரைநகரில் எடுக்கப்பட்ட பழைய வி.எச்.எஸ் வீடியோக்கள் இப்போது யூரியூப்பிலும் வட்சப்பிலும் நிறையவே சுற்றுகின்றன. அவற்றைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சிலவற்றில் ஆட்கள் ஒடுங்கி, கழுத்து நீண்டு, உயர்ந்து தெரிவார்கள். சிலவற்றில் மணவறையே அமுக்கிவிட்டதுபோல அகன்று, மாப்பிள்ளையும் பெண்ணும் பருத்துப் போயிருப்பார்கள். "பழைய கசற்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கசற்றின் வயதுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கசற்றைக் கணினிக்கு ஏற்றிய இடத்திலோ, பின்னர் எடிற் செய்த இடத்திலோ ஒரு எண் தவறியிருக்கிறது. பெரும்பாலும் அதை வீட்டிலிருந்தே திருத்தலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு மினக்கெட வேண்டும் என்று கேட்கலாம். காரைநகர் மக்கள் 1991இல் ஊரைவிட்டு வெளியேறினார்கள். 1996க்குப் பிறகு படிப்படியாகத் திரும்பியவர்கள் பலருக்கு வீட்டில் அல்பங்கள் இருக்கவில்லை. அந்த இடைவெளிக்கு முந்திய ஊரையும் உறவுகளையும் காட்டுபவை, இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ சூரிச்சுக்கோ அனுப்பிவைத்த கொப்பிகள் மட்டும்தான். பல குடும்பங்களில் இறந்துபோனவரின், காணாமல் ஆக்கப்பட்டவரின் ஒரேயொரு படம், யாரோ ஒருவருடைய கலியாண வீடியோவில் பந்திக்கு நடுவே அவர் நடந்துபோகும் 4 செக்கன்தான். அந்த 4 செக்கனை நிறுத்தி, முகத்தை வெட்டி, பெரிதாக்கி, சுவரில் மாட்டுகிறார்கள். போராட்டப் பந்தலில் கையில் பிடிக்கிறார்கள். அந்த முகம் 8 அல்லது 9 வீதம் ஒடுங்கியிருந்தால் அது அவருடைய முகம்தானா என்று அடையாளம் சொல்ல வருபவர் தயங்கக்கூடும்.

பிக்சல் எல்லாம் சதுரம் அல்ல

டிஜிற்றல் படம் பிக்சல் எனப்படும் சிறு கட்டங்களால் ஆனது. இன்றைய தொலைபேசியிலும் கணினித் திரையிலும் ஒவ்வொரு கட்டமும் சதுரம். பழைய தொலைக்காட்சி முறையில் அப்படி இல்லை. பனையோலைப் பாய் இழைப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரே எண்ணிக்கை ஓலையை எடுத்து, சற்று அகலமாகக் கிழித்து இழைத்தால் பாய் அகலும். ஒடுக்கமாகக் கிழித்தால் பாய் ஒடுங்கும். எண்ணிக்கை மாறவில்லை, ஓலையின் அகலம் மாறியிருக்கிறது. பிக்சலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பைத்தான் பிக்சல் விகிதம் என்கிறார்கள்.

வி.எச்.எஸ் கசற்றில் பிக்சலே கிடையாது. அதில் இருப்பவை கிடைக்கோடுகள். இலங்கையும் இந்தியாவும் பின்பற்றிய பால் முறையில் படம் தெரியும் கோடுகள் 576. ஒவ்வொரு கோடும் இடையறாத ஒரு மின் அலை. கணினிக்கு ஏற்றும்போதுதான் அந்தக் கோட்டை எத்தனை துண்டாக வெட்டுவது என்ற கேள்வி வருகிறது. 1982இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் வானொலிக் குழு இதற்கு ஒரு தரத்தை வகுத்தது. ஐரோப்பாவின் 625 கோட்டு முறைக்கும் அமெரிக்காவின் 525 கோட்டு முறைக்கும் பொதுவாக, செக்கனுக்கு 135 இலட்சம் மாதிரிகள், ஒரு கோட்டில் 720 பிக்சல் என்று முடிவானது. இரு முறைகளுக்கும் ஒரே கருவி போதும் என்பது அதன் பெரிய இலாபம். பிக்சல் சதுரமாக இருக்க முடியாமல் போனது அதற்குக் கொடுத்த விலை.

பால் வீடியோ 720×576. இதைச் சதுரப் பிக்சலாகக் காட்டினால் படம் 5:4 என்ற விகிதத்துக்கு ஒடுங்கும். சரியாகத் தெரிய ஒவ்வொரு பிக்சலும் ஏறக்குறைய 1.09 மடங்கு அகலமாக வேண்டும். அமெரிக்கா, கனடாவின் என்.ரி.எஸ்.சி வீடியோ 720×480. அதில் பிக்சல் ஒடுக்கமானது, ஏறக்குறைய 0.91. அதைச் சதுரமாகக் காட்டினால் ஆட்கள் 10 வீதம் பருத்துவிடுவார்கள்.

பழைய புத்தகங்களில் பாலுக்கு 1.067, என்.ரி.எஸ்.சிக்கு 0.9 என்ற எண்களைக் காண்பீர்கள். 720 பிக்சலும் சேர்ந்துதான் 4:3 படம் என்று கருதிய கணக்கு அது. உண்மையில் 4:3 படம் நடுவிலுள்ள 702 அல்லது 704 பிக்சலுக்குள் அடங்கும். இரு ஓரங்களிலும் தெரியும் மெல்லிய கறுப்புப் பட்டைகள் மிச்சம். அடோபி நிறுவனம் 2008இல் வந்த சி.எஸ்.4 பதிப்பில் தன் எண்களை 1.094, 0.9091 என்று திருத்திக்கொண்டது. பழைய பதிப்பில் செய்த வேலையைப் புதியதில் திறந்தால் படம் சற்றே அசைவது இதனால்தான். இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் 2.5 வீதம் அளவே. கலியாண வீடியோவுக்கு அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ஊரில் பால், கனடாவில் என்.ரி.எஸ்.சி

எங்கள் சிக்கல் மற்றவர்களுடையதைவிடக் கூடியதற்குக் காரணம் எமது சிதறல். ஊரில் எடுத்தது பால். அது இலண்டன், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா எங்கும் அப்படியே ஓடும். கனடாவுக்குப் போனால் ஓடாது. ஆகவே ரொறன்ரோவில் ஒரு கடையில் என்.ரி.எஸ்.சிக்கு மாற்றுவார்கள். அந்தக் கசற்றிலிருந்து பிறகு டி.வி.டி அடிப்பார்கள். டி.வி.டியிலிருந்து மருமகன் ஒருவர் 16:9 திரைக்குப் பொருந்தும்படி இழுத்து யூரியூப்பில் போடுவார். அதை யாராவது பதிவிறக்கி வட்சப்பில் அனுப்புவார். ஒவ்வொரு படியிலும் விகிதம் ஒருமுறை தவறலாம். முதல் படியில் ஒடுங்கியது மூன்றாம் படியில் பருத்து, ஏறக்குறையச் சரியாகத் தெரிவதும் உண்டு.

2002 சமாதான காலத்து வீடியோக்கள் இன்னொரு வகை. அந்த ஆண்டு ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் புலம்பெயர்ந்தவர்கள் மினி-டிவி என்ற சிறிய டிஜிற்றல் கசற் கமராக்களோடு ஊருக்கு வந்தார்கள். கனடாவிலிருந்து வந்த அண்ணனின் கமரா 720×480. இலண்டனிலிருந்து வந்த தங்கையினுடையது 720×576. இருவரும் ஒரே தேரை, ஒரே கசூரினாக் கடற்கரையை, ஊர்காவற்றுறைக்குப் போகும் ஒரே பாதையைப் படம் பிடித்திருப்பார்கள். இன்று இரண்டையும் சேர்த்து ஒரு குடும்ப வீடியோவாக்க முயன்றால், ஒரே ஆள் ஒரு காட்சியில் மெலிந்தும் அடுத்ததில் பருத்தும் வருவார்.

வி.சி.டியும் மறக்கக்கூடாதது. பாலில் 352×288, என்.ரி.எஸ்.சியில் 352×240. எஸ்.வி.சி.டி என்றால் பாலில் 480×576. அதைச் சதுரப் பிக்சலாகத் திறந்தால் படம் நெடுத்து நிற்கும், பார்த்தவுடனேயே பிழை தெரியும். உண்மையில் ஆபத்தானவை 8 வீதப் பிழைகள்தான். அவை கண்ணுக்கு உடனே பிடிபடுவதில்லை. முகத்தைத் தெரியாதவர் அதையே உண்மை முகம் என்று எடுத்துக்கொள்வார்.

திருத்துமுன் அளந்து பாருங்கள்

இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஒன்று கோப்பைப் பார்ப்பது, மற்றது படத்தைப் பார்ப்பது.

மீடியாஇன்போ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் பிக்சல் எண்ணிக்கையும் காட்டும் விகிதமும் தனித்தனியே வரும். 720×576 என்றும் விகிதம் 4:3 என்றும் இருந்தால் கோப்பு சரி. எடிற் செய்யும் மென்பொருள்தான் அந்தக் குறிப்பை மதிக்கவில்லை. 720×576 என்றும் விகிதம் 5:4 என்றும் வந்தால் குறிப்பு எங்கோ தொலைந்துவிட்டது. 720×576, 16:9 என்றால் அது அகலத் திரைக்காகச் சுருக்கிப் பதிந்தது. அதன் பிக்சல் 1.46 மடங்கு அகலமானது. 1440×1080, 16:9 என்றால் எச்.டி.வி கமரா, பிக்சல் 1.333. 768×576 அல்லது 640×480 என்றால் யாரோ ஏற்கனவே சதுரமாக மாற்றிவிட்டார்கள். அதன்மேல் மீண்டும் ஒரு திருத்தம் செய்தால் படம் பருத்துவிடும்.

கோப்பில் உள்ள குறிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பல கைமாறிய வீடியோவில் குறிப்பு ஒன்றும் படம் வேறொன்றுமாக இருக்கும். அப்போது படத்துக்குள் ஒரு வட்டத்தைத் தேடுங்கள். சுவர் மணிக்கூடு, நேராக நிற்கும் சைக்கிளின் சில்லு, பக்கவாட்டில் தெரியும் வான் ரயர், தேர்ச்சில்லு, நெற்றிக்கு நேரே தெரியும் பெரிய குங்குமப் பொட்டு எதுவும் உதவும். கமராவுக்கு நேர் எதிரே, பிறேமின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். சரிந்த வட்டம் பயன்படாது. படத்தை நிறுத்தி ஒரு திரைப்பிடிப்பு எடுத்து, வட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் அளவுங்கள். அகலம் 110, உயரம் 120 என்றால் படம் ஏறக்குறைய 8 வீதம் ஒடுங்கியிருக்கிறது. 160க்கு 120 என்றால் 4:3 படம் 16:9க்கு இழுக்கப்பட்டிருக்கிறது. மனித முகத்தை அளவுகோலாக எடுக்காதீர்கள். நினைவில் இருக்கும் முகத்துக்கு ஏற்ப இழுக்கத்தான் கை போகும்.

எடிற் மென்பொருளில்

எந்த மென்பொருளானாலும் வேலை இரண்டு கட்டம். முதலாவது, ஒவ்வொரு கிளிப்புக்கும் அதன் பிக்சல் என்ன வடிவம் என்று சொல்லிக் கொடுப்பது. இரண்டாவது, வெளியே எடுக்கும் வீடியோவைச் சதுரப் பிக்சலில் எடுப்பது.

அடோபி பிறிமியரில் கிளிப்பின்மேல் வலது சொடுக்கி, மொடிபை என்பதற்குள் இன்ரர்பிறெற் புற்றேஜ் என்பதைத் திறந்தால் பிக்சல் விகிதம் என்ற பகுதி இருக்கும். அங்கே கொன்போம் என்பதைத் தெரிந்து, பால் 4:3 வீடியோவானால் டி1/டிவி பால் என்பதைக் கொடுங்கள். கனடாக் கமராவினுடையதானால் என்.ரி.எஸ்.சி. பிறிமியர் பிறேம் அளவைப் பார்த்துத் தானாக ஊகிக்கும் பழக்கமுள்ளது. 720×576 என்றால் அது பால்தான் என்று பெரும்பாலும் முடிவுசெய்யும், அது பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் அதே அளவில் செய்த எழுத்துப் படத்தையோ, 16:9 டி.வி.டியையோ அதே கணக்கில் எடுத்துவிடும். பல கிளிப்புகளை ஒன்றாகத் தெரிந்து ஒரே தடவையில் மாற்றலாம்.

டாவின்சி றிசோல்வின் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குப் போதும். மீடியா பூலில் கிளிப்பை வலது சொடுக்கி, கிளிப் அற்றிபியூற்ஸ் திறந்தால் பிக்சல் விகிதத்துக்கு ஒரு தெரிவுப் பட்டியல் வரும். சதுரம், 16:9 சுருக்கப்பட்டது, 4:3 பழைய தரம் என்று அதில் இருக்கும். கேடென்லைவ், சொட்கற் ஆகிய இலவச மென்பொருள்களில் கிளிப்பின் பண்புகளுக்குள் விகிதத்தை எண்ணாகவே, 4:3 என்று எழுதிவிடலாம். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு சொட்கற்றைத்தான் சொல்வேன்.

வெளியே எடுக்கும் அளவு அடுத்தது. யூரியூப்புக்கோ தொலைபேசிக்கோ என்றால் 1440×1080 என்ற சதுரப் பிக்சல் வீடியோ நல்லது, அது 4:3. 1920×1080 வேண்டுமென்றால் இரு பக்கமும் கறுப்பு விட்டு விடுங்கள். அந்தக் கறுப்பைப் பிழை என்று நினைத்துத்தான் பாதிப் பேர் படத்தை இழுக்கிறார்கள். மேலும் கீழும் வெட்டி நிரப்புவது அதைவிட மோசம். பழைய வீடியோக்காரர்கள் 4:3 சட்டத்துக்குள் தலைக்கு மேலே இடம்விட்டு எடுத்திருப்பார்கள், வெட்டினால் நிற்பவர்களின் தலை போய்விடும்.

வி.எச்.எஸ், மினி-டிவி இரண்டிலும் ஒரு பிறேம் இரண்டு பாதிகளாகப் பதியப்பட்டிருக்கும். ஒற்றைக் கோடுகள் ஒரு கணத்தில், இரட்டைக் கோடுகள் அடுத்த கணத்தில். இதைப் பிரிக்காமல் உயரத்தை மாற்றினால் அசையும் கைகளில் சீப்புப் பல் போன்ற கோடுகள் வந்து, பிறகு போகவே போகாது. ஆகவே முதலில் டிஇன்ரர்லேஸ் செய்து செக்கனுக்கு 50 பிறேமாக்கி, அதன் பின்னர் அளவை மாற்றுங்கள். உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் மாற்றுவதானால் (720×576ஐ 788×576 ஆக்குவது போல) இந்தச் சிக்கல் இல்லை.

ஏற்கனவே இழுத்துப் பதிந்துவிட்ட வீடியோ மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் பிக்சல் விகிதத்தை மாற்றுவதைவிட அகலத்தை நேரே குறைப்பது தெளிவான வழி. பிறிமியரில் மோஷன் என்பதற்குள் யூனிபோம் ஸ்கேல் என்பதன் சரியை எடுத்துவிட்டு அகலத்தை 75 வீதம் ஆக்குங்கள். 720 பிக்சலும் முழுதாக இழுக்கப்பட்டிருந்தால் 77க்குக் கிட்ட வரும். வட்டத்தை வைத்துச் சரிபாருங்கள். நாலு பக்கமும் கறுப்போடு தபால்முத்திரை போலச் சிறுத்துப்போன வீடியோவானால் முதலில் கறுப்பை வெட்டி, மிஞ்சிய படத்தின் விகிதத்தை அளந்து, பின்னர் பெரிதாக்க வேண்டும்.

கோப்பின் குறிப்பு மட்டும் தவறு, படம் நல்லது என்றால் எதையும் திரும்பப் பதியத் தேவையில்லை. எப்.எப்.எம்பெக் என்ற இலவசக் கருவி படத்தைத் தொடாமல் விகிதக் குறிப்பை மாத்திரம் மாற்றித்தரும். ஒரு மணித்தியால வீடியோவுக்குச் சில செக்கன்கள் போதும், தரமும் குறையாது.

ஒரு முகத்தை வெட்டி எடுக்கும்போது

பால் வரிசையிலிருந்து ஒரு பிறேமைப் படமாக எடுத்தால் பெரும்பாலும் 720×576 என்றே வெளிவரும். வீடியோவில் சரியாகத் தெரிந்த முகம் படத்தில் ஒடுங்கிவிடும், ஏனென்றால் புகைப்படக் கோப்பைத் திறக்கும் மென்பொருளுக்குப் பிக்சல் சதுரம் என்பதுதான் தெரியும். போட்டோசொப்பில் அளவை மாற்றும் இடத்தில் அகல–உயரப் பிணைப்பை எடுத்துவிட்டு, அகலத்தை 788 என்று கொடுங்கள். என்.ரி.எஸ்.சி பிறேம் 720×480 என்றால் அகலம் 655. முகத்தை வெட்டுவதற்கு முன்பு, முழுப் பிறேமில் இதைச் செய்யுங்கள். வெட்டிய பிறகு எந்த எண்ணைக் கொடுப்பது என்று ஒருவருக்கும் தெரியாது.

நடக்கும் ஆளைவிட நின்று திரும்பிப் பார்க்கும் கணம் நல்லது. ஒரு செக்கனுக்கு 25 பிறேம் இருப்பதால் அடுத்தடுத்த பிறேம்கள் பத்தை எடுத்துவைத்து, அவரை நன்றாகத் தெரிந்த இருவரிடம் காட்டித் தெரிவுசெய்வது சிறந்தது.

செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று இப்போது பலர் விளம்பரம் செய்கிறார்கள். அம்மம்மாவின் கலியாணப் படத்துக்கு அது பரவாயில்லை. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படத்துக்கு அதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. கசற்றில் இல்லாத கண்ணிமையையும் பல் வரிசையையும் அந்த மென்பொருள் வேறு ஆயிரம் முகங்களிலிருந்து ஊகித்து வரைகிறது. அழகான ஒரு முகம் கிடைக்கும். அது அவருடையதாக இருக்கவேண்டுமென்றில்லை.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள்

போரின் இறுதிக் காலத்தில் தொலைபேசிகளில் பதிந்த 3ஜிபி வீடியோக்கள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. அவற்றில் பல 176×144 என்ற மிகச் சிறிய அளவு. எச்.263 என்ற குறிமுறையில் அந்த அளவுக்குப் பிக்சல் 12:11 என்று வகுக்கப்பட்டிருக்கிறது. அப்படி எடுத்தால்தான் படம் 4:3 ஆகும். எல்லாத் தொலைபேசியும் இதைப் பின்பற்றியதில்லை என்பதால் இங்கும் வட்டச் சோதனைதான் கைகொடுக்கும். 320×240, 640×480 என்றால் சதுரம்.

இத்தகைய கோப்புகளைத் திருத்துவது பார்ப்பதற்கான ஒரு பிரதியில் மட்டும் இருக்கட்டும். 2009 ஆகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பிய படுகொலை வீடியோவைப் பொய்யானது என்று இலங்கை அரசு மறுத்தது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் நியமித்த மூன்று நிபுணர்கள், அது உண்மையானதாகவே தெரிகிறது என்ற முடிவுக்கு வந்தனர். 2010 ஜனவரியில் அவர் அதை வெளியிட்டார். அதே வேளை, விளக்க முடியாதவை என்று அவர் வெளிப்படையாகக் குறிப்பிட்டவற்றில் வீடியோவின் முடிவிலிருந்த 17 பிறேம்களும், அதற்குள் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற திகதியும் அடங்கும். ஒரு வீடியோ சாட்சியமாகப் போகும் இடத்தில் பிறேமையும் திகதியையும் எவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பார்கள் என்பதற்கு இது போதும். எடிற் மென்பொருளில் திறந்து மீண்டும் சேமித்த கோப்பில் புதிய திகதி, புதிய குறிமுறை, மென்பொருளின் பெயர் எல்லாம் ஏறிவிடும். வட்சப்பில் அனுப்பினாலும் இதே கதிதான். தொலைபேசியிலிருந்து கேபிள் மூலம் அப்படியே எடுத்து, எஸ்.எச்.ஏ-256 என்ற கணக்கீட்டு எண்ணைக் குறித்துவைத்து, இரண்டு இடங்களில் வைத்திருங்கள். ஒரு பிக்சல் மாறினாலும் அந்த எண் முழுதாக மாறிவிடும்.

கசற்றே கையிலிருந்தால்

முதல் கசற் ஊரிலோ உறவினரிடமோ இருந்தால், கனடாக் கொப்பியைத் திருத்துவதில் நேரத்தைச் செலவிடாமல் அதைத் தேடிப்பிடியுங்கள். என்.ரி.எஸ்.சிக்கு மாறியபோது போன கோடுகளும் குழம்பிய அசைவும் எந்த மென்பொருளிலும் திரும்பி வராது. டெக் கிடைப்பது வரவரக் கடினம். உலகின் கடைசி வி.எச்.எஸ் டெக் தயாரிப்பாளரான யப்பானின் பூனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கசற்றின் ஜன்னலூடே நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள், நாடாவும் போகும், டெக்கின் தலையும் போகும். ஏற்றும் கடையில் முன்கூட்டியே மூன்றைச் சொல்லுங்கள்: பால் முறையில் 720×576, ஒன்றுவிட்ட கோடுகள் பிரிக்காமல், 4:3 என்ற குறிப்போடு. 16:9க்கு இழுத்துத்தர வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள்.

கோப்பின் பெயரில் ஊர், ஆண்டு, நிகழ்வு, யார் வீட்டுக் கசற் என்பவற்றையும் சேருங்கள். கசற்றின் முதுகில் நீல மையால் எழுதிய ஒட்டுத்தாள் இருந்தால், அது உதிர்வதற்கு முன்பு அதையும் ஒரு படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள்.